அம்சம் கை நனைத்த அன்று

பாபநாசத்திலிருந்து நீடாமங்கலம் போவதற்குள் அம்சம் இரண்டு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டாள். இரண்டாவது தடவை ஏறி உட்கார்ந்ததும் மகன் செந்தில்குமார் கெஞ்சினான்.

"அம்மா, அங்க போயி வியாதிக் கதைய எடுத்துடாதம்மா. பரம்பரை நோய்னு நெனச்சிக்கிட்டா காரியம் கெட்டுடும்."

அவனுக்கு முப்பத்திநாலு வயது. இரண்டு வரன் கைகூடாமல் போயிருந்தது. நீடாமங்கலத்தில் பிரகதீஸ்வரியைப் பெண் பார்த்து வந்த நாளிலிருந்து பிள்ளை வீட்டுக்குள் விசிலடித்துக்கொண்டு திரிகிறான். இந்தச் சம்பந்தம் தவறக் கூடாதே என்றுதான் அம்சத்துக்கும் கவலை.

பாவம், அவள் பாடு அப்படி. குடலும் மூத்திரப்பையும் கூட்டுச் சேர்ந்துகொண்டு ஆறு வருஷமாக அவளைப் படுத்துகின்றன. வயிற்றுக்குப் பார்த்த டாக்டர் பால், வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். மூத்திரப்பைக்குப் பார்த்தவரோ காபி, புளி, தக்காளி, எலுமிச்சை, மிளகாய் என்று இன்னொரு சீட்டு எழுதினார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நம் சமையலில் என்ன மிஞ்சும், சொல்லுங்கள்? மிரண்டுபோனவள், வெளியே கிளம்பும் நாளில் தண்ணீரே குடிக்காமல் இருந்து பார்த்தாள். மூத்திரம் நெருப்பாய் எரிந்தது; வயிறும் கட்டிக்கொண்டது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்லித்தரும் லின்சிதான் வழிக்குக் கொண்டுவந்தாள். "எல்லாத்தையும் காலம் பூரா விட வேணாம்மா. கொஞ்ச நாள் நிறுத்திட்டு, ஒண்ணொண்ணா சேத்துப் பாருங்க. எது ஒத்துக்குது, எது படுத்துதுன்னு எழுதிட்டே வாங்க." நாலு மாதம் அம்சம் நோட்டில் எழுதினாள். கொஞ்சம் தயிர் தாங்கியது. காபி தாங்கவே இல்லை. பாசிப்பருப்பு, புடலங்காய், சுரைக்காய், நேந்திரம்பழம், ஒரேயடியாகக் குடிக்காமல் மணிக்கு நாலு வாய் தண்ணீர் என்று ஒரு பாதை தெரிந்தது. இப்போது நல்ல நாட்கள்தான் அதிகம்.

பெண் வீட்டில் பேச்சு சுமுகமாக முடிந்தது. தை கடைசியில் கல்யாணம். பேச்சு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை. முடிந்ததும் நனைத்தே ஆகவேண்டும். அதுதான் சம்மதத்துக்கு முத்திரை. கூடத்தில் இலை போட்டார்கள். வத்தக்குழம்பு, தக்காளி ரசம், வெங்காய சாம்பார், பால் பாயசம். இரண்டு சீட்டும் ஒரே இலையில் இறங்கியதுபோல் இருந்தது.

"எனக்கு வேணாங்க. தண்ணி மட்டும் போதும்" என்று அம்சம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

பரிமாறிய கரண்டி நின்றது. பெண்ணின் தாய் கமலாம்பாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஏன் சம்பந்தி, எங்க வீட்ல கை நனைக்க மனசு வரலீங்களா?"

அம்சத்தின் கணவர் துரைராசு காதோரம் முணுமுணுத்தார். "விரதம்னு சொல்லித் தொலையேன்."

சொல்லலாம். ஆனால் நாளைக்கு மருமகள் வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை விரதம் இருப்பது? நிலைப்படியில் நின்ற பிரகதீஸ்வரியின் கண் கலங்கியிருந்தது. அம்சம் எழுந்து, கமலாம்பாளின் கையைப் பிடித்து அடுப்படிக்கு அழைத்துப் போனாள். குடல், மூத்திரப்பை, நோட்டு, வழியில் பார்த்த பெட்ரோல் பங்க் வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

கமலாம்பாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பொறக்கப்போற புள்ளைங்களுக்கு வருமா?"

"தொத்தாதுங்க. பரம்பரையா வருமான்னு டாக்டரைக் கேட்டேன். வரும்னும் சொல்லல, வராதுன்னும் அடிச்சுச் சொல்லல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அடுப்பில் பால் பொங்கப் பார்த்தது. கமலாம்பாள் இறக்கி வைத்தாள்.

"மறைக்காம சொன்னீங்களே, அது போதும். ஆனா ஒரு நிமிஷத்துல வயித்துல புளியக் கரைச்சிட்டீங்க, போங்க!"

"எனக்குத்தாங்க புளி ஆகாது!"

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு கமலாம்பாள் டப்பாவைத் திறந்தாள். "பாசிப்பருப்பு ஆகுமா?"

"ஆகுங்க. சீரகம் போட்டா நல்லது. பூண்டு வேணாம்."

"கொல்லையில புடலங்கா தொங்குது. ஏ பிரகதி, ஒண்ணு பறிச்சிட்டு வா! அப்புறம் சம்பந்தி, பாத்ரூம் அந்தக் கோடியில இருக்கு. வெக்கப்படாம போயிட்டு வாங்க."

கூடத்தில் முக்கால் மணி நேரம் எல்லோரும் இலை முன்னால் காத்திருந்தார்கள். "ரசம் ஆறிப்போச்சு" என்று துரைராசு முனகினார். செந்தில்குமார் மட்டும், அடுப்படியிலிருந்து வந்த சிரிப்பைக் கேட்டதிலிருந்து நிம்மதியாக அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

குழைந்த சோறும் பருப்பும் வந்தன. புடலங்காய்க் கூட்டை பிரகதீஸ்வரியே பரிமாறினாள். எல்லோர் கண்ணும் அம்சத்தின் வலது கைமேல். அவள் பிசைந்து, ஒரு வாய் எடுத்து உண்டாள்.

"உப்பு சரியா இருக்குங்களா, அத்தை?" என்றாள் பிரகதீஸ்வரி.