எடைக்கு முன்னால் தண்ணீர்

என் தம்பி காசு வாங்கிக்கொண்டு தோற்றவன். பூசி மெழுக எனக்குத் தெரியாது. இறுதிப் போட்டியில் வேண்டுமென்றே மல்லாந்து கிடந்தான். மல்யுத்தச் சங்கம் தடை போட்டது. மகள் அதற்கப்புறம் அவனை அப்பா என்று கூப்பிடவேயில்லை.

தடை நீங்கியதும், "ஒரே ஒரு குஸ்திண்ணே. நேர்மையா. அவ வந்து பாக்கணும்," என்றான்.

"முட்டிய மடக்கினா கதவு திறக்கிற சத்தம் வருது, உனக்குக் குஸ்தியா?"

"கேட்டா கேக்கட்டும்."

அவனுடைய பிரிவுக்கு எடை குறைய வேண்டும். வியர்த்துக் கொட்டுவதற்காகப் பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். சோறு நின்றது, கடைசியில் தண்ணீரும் நின்றது. தலையைக்கூட மழித்துக்கொண்டான். நாக்கு செருப்புத் தோலாகிவிட்டது. போட்டியன்று காலை எங்கள் தராசில் முள் கோட்டிலேயே நின்றது. மயிரிழை இடமில்லை.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. சங்கத்துத் தராசில் ஏதாவது செய்து வைத்திருப்பார்கள். அவனை அரங்கத்து நடையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, முன்னாலேயே போய் ஏறிப் பார்த்தேன்.

எடைபோடுகிறவன் சிரித்தான். "என்ன பெருசு, நீங்களும் குஸ்திக்கா?"

"வா, முதல்ல உன்னோட வச்சுக்கலாம்."

எங்கள் தராசு காட்டிய அதே எடைதான்; தராசு சரியாகத்தான் இருந்தது. தம்பி ஏறினான். முள் தாண்டியது. உடுப்பையெல்லாம் கழற்றிவிட்டு ஏறினான். அப்போதும் தாண்டியது. எடைபோடும் நேரம் முடிந்து மணி அடித்தது, பெயரை எடுத்துவிட்டார்கள்.

நடைக்கு இழுத்து வந்தேன். "என்னடா தின்ன?"

"தண்ணி குடிச்சேன்."

"பைத்தியமா உனக்கு?"

"அவ வந்தாண்ணே. பாட்டிலத் திறந்து நீட்டினா. 'வாயெல்லாம் காஞ்சிருக்கு, குடிங்கப்பா'ன்னா. எப்படி வேணாங்கிறது?"

"ஒரு வாயோட நிறுத்தித் தொலைய வேண்டியதுதானே!"

"பாத்துக்கிட்டே நின்னாண்ணே."

அவளே வந்துவிட்டாள். சேதி காதில் விழுந்திருந்தது. தகப்பனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தத் தடவை யார்கிட்ட வாங்கினீங்க?"

நான் வாயைத் திறந்தேன். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். பட்டினி கிடந்தவன் பிடியா அது? எலும்பு நொறுங்கும் போலிருந்தது.

"பெரியப்பா, நீங்களும் கூட்டா?" என்றவள், பெஞ்சில் கிடந்த காலி பாட்டிலை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு நடந்தாள்.

"சொல்லியிருக்கணும்டா."

"சொன்னா, தன்னாலதான்னு காலம் பூரா அழுவா. என்னையே திட்டட்டும்ணே. அது அவளுக்குப் பழகிப்போச்சு."

அவள் வாசல் தாண்டின பிறகும் என் மணிக்கட்டை அவன் விடவில்லை. நானும் உருவிக்கொள்ளவில்லை.