கூரையில் ஒரு புள்ளி

சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, சுதர்ஷினி அண்ணன் ரமேஸின் போனில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். அடுத்த புள்ளிக்கு ஐந்து நிமிடம் என்று போன் எண்ணத் தொடங்கியது. இன்னும் இரண்டு வைத்தால் கூரை முடியும். மணி மூன்று நாற்பத்தெட்டு. நாலுக்குப் படத்தைப் பூட்டிவிடுவார்கள்.

ஊர் உலகத்தில் யார் யாரோ இணையத்தில் ஆளுக்கொரு புள்ளியாக நிரப்பும் பெரிய படம் அது. பூட்டும்வரை ஒருவர் புள்ளியின் மேல் இன்னொருவர் வைக்கலாம். நெஞ்சு நோயோடு படுத்துக் கிடந்த ரமேஸ், பத்து நாளாக அதன் ஒரு மூலையில் தேயிலைத் தோட்டத்துத் தங்கள் லயத்து வீட்டை வரைந்தான்.

"லயத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் தொரையக் கேக்கணும். இதப் பூட்டுன பெறகு தொரையாலயும் ஒண்ணும் பண்ண ஏலாது. ஒன்னையும் வாசல்ல வச்சிருக்கேன். மூக்குக்குத்தான் எடம் பத்தல," என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

பண்டாரவளைத் துணிக்கடையில் வேலைக்கு நடுவே அவளும் அதே படத்தில்தான் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் சேர்ந்திருந்த குழு வரைந்த கொடிக்கு அந்த மூலை தேவைப்பட்டது. அண்ணனுடைய கூரை என்று தெரிந்துதான் மற்றவர்களோடு சேர்ந்து கறுப்பு வைத்தாள். சின்ன வீடுதானே, வேறு பக்கம் போட்டுக்கொள்வான் என்று நினைத்தாள்.

"எவனோ வெளிநாட்டுக்காரன் கூரையப் பிச்சிட்டான் தங்கச்சி," என்றான் போனில். மூச்சு வாங்கியது. "பரவால்ல. திரும்ப மேஞ்சிர்றேன்."

சொல்லியிருக்கலாம். கடைக்கு ஆள் வந்துவிட்டது.

நேற்றுக் காலையில் உயிர் போனபோது போன் அவன் கையில்தான் இருந்தது என்றாள் அம்மா மாரியாயி.

மூன்று ஐம்பத்து மூன்றுக்கு ஒரு புள்ளி வைத்தாள். வெளியே தப்பு மேளம் நின்றது. அத்தை இராக்கம்மா உள்ளே வந்தாள்.

"எடுத்துருவோம் மதினி. மழ கட்டிக்கிட்டு நிக்கிது. குழியில தண்ணி நின்னுரும்."

"அஞ்சு நிமிஷம் அத்த," என்றாள் சுதர்ஷினி.

"பாவம் புள்ள. விட மனசில்ல," என்றாள் அத்தை.

அம்மா அவள் தலையைத் தடவினாள். அந்தக் கைக்கு அடியில் சுதர்ஷினி அசையாமல் இருந்தாள்.

போன் இருபது நொடி என்று காட்டியபோது ஆட்கள் மூடியைத் தூக்கினார்கள். அம்மா அவள் வலது கையை இழுத்து அரிசியைத் திணித்தாள்.

"போதும்டி. அண்ணன் மூஞ்சியப் பாத்துக்க."

அவள் போனைத் தரையில் குப்புற வைத்தாள். வாய்க்கரிசி போட்டாள். உதட்டில் ஒரு அரிசி ஒட்டி நின்றது. மூடும்வரை அதையே பார்த்தாள். பிறகு, பெண்கள் நின்றுவிடும் படிக்கட்டு வரை பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

திரும்பி வந்தபோது மணி நாலு பத்து. படம் பூட்டியிருந்தது. மூலையில் அந்த வீடு. வாசலில் மூக்கில்லாத ஒரு பெண். சிவப்புக் கூரையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அழுத்திப் பார்த்தாள். அது அப்படியே இருந்தது.

தகரக் கூரையில் மழை இறங்கியது. பெட்டிக்காக ஒதுக்கி வைத்திருந்த, ஒழுக்குத் தண்ணீர் பிடிக்கும் பேசினை அம்மா எடுத்துவந்து, மேலே பார்க்காமலே பழைய இடத்தில் வைத்தாள்.

முதல் சொட்டு விளிம்பில் பட்டுத் தெறித்தது. சுதர்ஷினி பேசினைக் கொஞ்சம் நகர்த்தினாள்.