ஹேசல் இடித்த கார்

2003 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராய் டன்னிக்ளிஃபின் கார் கற்சுவரில் மோதியது. அன்று முதல் அதன் என்ஜின் ஏழு வருடம் நிற்காமல் ஓடியது. சாவியைத் திருப்பிப் பார்த்தார்கள், பேட்டரியைக் கழற்றினார்கள், டேங்கிலிருந்த பெட்ரோலை வடித்துத் துணியால் துடைத்தும் விட்டார்கள். அது பாட்டுக்கு ஓடியது. புகை கிடையாது, சூடு ஏறவில்லை, எண்ணெய் மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருந்தது. ஓட்டன்மூர் ஊரில் இதைப் பற்றி முதல் மாதம் நிறையப் பேசினார்கள். அதற்குப் பிறகு ஊர்ப் பேச்சு மறுபடி ஆட்டுக்கும் மழைக்கும் போய்விட்டது.

அந்தக் காரை ராய் கடையில் வாங்கவில்லை. பீங்கான் ஆலையில் சூளை பார்க்கும் வேலை போக மீதி நேரமெல்லாம் போட்டு, பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைத் தன் கராஜில் வைத்துப் பதினோரு வருடத்தில் பூட்டி எழுப்பினான். இரும்புச் சட்டகம், அதன்மேல் ஃபைபர் உடம்பு, உள்ளே ஒரு பழைய அமெரிக்க லாரியிலிருந்து கழற்றிய ஐந்தே முக்கால் லிட்டர், எட்டு சிலிண்டர் என்ஜின். அந்தப் பொடி உடம்புக்கு அது ஆட்டுக்குட்டிக்குள் காளையின் இதயத்தை வைத்ததுபோல இருந்தது. பூட்டி முடித்த பிறகும் அதை வேறு யாரும் தொட ராய் விட்டதில்லை. மனைவி ஹேசலுக்கு ஐம்பது வயது நிறைந்த அன்று மட்டும் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். இரண்டாவது வளைவில் பிரேக் என்று நினைத்து அவள் வேறொன்றை மிதித்தாள். காரின் இடது பக்கம் முழுக்கச் சிதறி வயலில் கிடந்தது. இருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஹேசல் சுவருக்குச் சொந்தக்காரனிடம் மன்னிப்புக் கேட்டாள், அவன் ஆடுகளிடமும் கேட்டாள். ராயும் சுவர்க்காரனிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவைத்தான். பிறகு மனைவி பக்கம் திரும்பிச் சொன்னான்.

"பரவால்ல விடு. வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம்."

அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது காலை மிதித்தாலும் பரவாயில்லை என்பார்கள், வீடு எரிந்தாலும் பரவாயில்லை என்பார்கள். சொல்கிறவனுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஹேசலுக்கு ஓரளவு தெரியும், இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள் அல்லவா. அவன் திட்டுவான் என்று அன்று சாயங்காலம் காத்திருந்தாள், மறுநாள் காத்திருந்தாள், கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருந்தாள். அவன் அவளுக்குப் புது மழைக்கோட்டு வாங்கித் தந்தான். அவளுக்கு அது அடியைவிட வலித்தது. தப்பு செய்தவளைத் தப்பு செய்தவளாகக்கூட மதிக்காமல், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல நடத்துகிறான் என்று பட்டது.

ராய் காரைச் செப்பனிட ஆரம்பித்தான். ஓடுகிற என்ஜினை அப்படியே சங்கிலி போட்டுத் தூக்கி, கூரை உத்தரத்தில் தொங்கவிட்டான். அது மூன்று வருடம் அங்கேயே தொங்கியபடி ஓடியது. கீழே அவன் வளைந்த சட்டகத்தை அறுத்துப் புதுக் குழாய் வைத்துப் பற்றவைத்தான், உடைந்த ஃபைபருக்குப் பின்னால் கண்ணாடி இழைப் பாயை ஒட்டி, பிசின் தடவி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி தடவினான். இரைச்சல் பற்றிப் புகார் போனதில் நகராட்சியிலிருந்து ஒருவர் கருவியோடு வந்தார். அளந்துகொண்டிருக்கும்போதே நாற்காலியில் அயர்ந்து தூங்கி, எழுந்து, ஆட்சேபணை இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிறந்த குழந்தையைத் தூங்கவைக்கக் கராஜ் சுவரோரம் தள்ளுவண்டியை நிறுத்தினார்கள். சனிக்கிழமை காலையில் ஹேசல் ஓட்ஸ் ரொட்டி வார்த்து, உள்ளே சீஸ் வைத்துச் சுருட்டி, கராஜுக்குக் கொண்டுபோவாள். சத்தத்தில் எதுவும் பேச முடியாது. அவன் கட்டைவிரலை உயர்த்துவான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு திரும்புவாள்.

சட்டகத்தை மாற்றிய காரை அரசாங்கச் சோதனை நிலையத்தில் காட்டித் தேற்றினால்தான் ரோட்டில் ஓட்டலாம். அங்கே கூர்மையான விளிம்பு எதுவும் இருக்கக் கூடாது என்பதால், கையால் கார் கட்டுகிறவர்கள் எல்லாரும் ஓரமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டு போவார்கள், தேறியதும் அங்கேயே வாசலில் பிய்த்து எறிவார்கள். சோதிக்கிறவர்கள் ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பார்கள். ராயின் கார் விளிம்பில் தேறியது, பிரேக்கில் தேறியது, பெட்ரோலே இல்லாமல் ஓடுவதைத் தடுக்க விதி எதுவும் இல்லாததால் புகையிலும் தேறியது. 'சாவியைத் திருப்பினால் என்ஜின் நிற்கிறதா' என்ற ஒரு கட்டத்தில்தான் நான்கு தடவை தோற்றது. சோதனை அதிகாரி கென்வொர்தி மிகவும் வருத்தப்பட்டார். ராய் அவரிடமும் பரவாயில்லை என்றான்.

ஐந்தாவது தடவைக்கு ஹேசல் காலடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு கிளம்பினாள். இன்றைக்கும் அவன் வாய் திறக்காவிட்டால் அப்படியே ரயிலேறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். நிலையத்து முற்றத்தில் முறைக்காகக் காத்திருந்தபோது, என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தி அதைச் சொன்னாள்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று அவனும் கத்தினான்.

"ஒரேயடியா."

"ஏன்? நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணுமே பண்ணல. உன் காரைக் கொண்டுபோய்ச் சுவத்துல இடிச்சேன். ஏழு வருஷமாச்சு, ராய். ஒரு வார்த்தை திட்டல நீ."

ராய் வழக்கமான வார்த்தைக்கு வாயைத் திறந்தான். அது வரவில்லை. கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"பிரேக்கு நடுவுல இருக்குன்னு மூணு தடவை சொன்னேன்," என்றான். "மூணு தடவையும் தலையாட்டின. அப்புறம் எதைப் போய் மிதிச்ச? பதினோரு வருஷம், ஹேசல். உன்மேல எனக்கு அவ்வளவு கோவம். கராஜ்ல உக்காந்து அழுதிருக்கேன், தெரியுமா? இந்தச் சத்தத்துல உனக்குக் கேக்கல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் கத்த வேண்டியிருக்கவில்லை. என்ஜின் நின்றுவிட்டிருந்தது. முற்றத்தில் புறா ஒன்று முனகுவது கேட்டது. ஹேசல் அழுதாள். வெட்கமில்லாமல், நிம்மதியாக, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அழுதாள்.

சத்தம் நின்றதைக் கேட்டுக் கென்வொர்தி காகிதத்தோடு ஓடிவந்தார். நிற்பதைப் பார்த்தாயிற்று, சாவி போட்டுக் கிளப்பியும் நிறுத்தியும் காட்ட வேண்டும் என்றார். ராய் சாவியை ஹேசலிடம் நீட்ட, அவள்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். முதல் திருப்பலுக்கு வரவில்லை, இரண்டாவதற்கு இருமியது, மூன்றாவதற்கு முற்றமே அதிரக் கிளம்பியது. சாவியைத் திருப்பினாள், நின்றது. அவர் கட்டத்தில் குறி போட்டு, கையெழுத்திட்டு, உள்ளே போய் வானத்தைப் பார்த்தார். ராய் ரப்பரையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு, இன்னொரு பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டான். இடம் மாறிக்கொள்வதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

வீடு முப்பத்தோரு மைல். வழி முழுக்க அவன் குற்றம் சொல்லிக்கொண்டே வந்தான். கியரை ஏன் இவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறாய், ஓரமாக ஏன் போகிறாய், நடுவே ஏன் வருகிறாய், அந்த லாரி உன் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்று அவன் ஓயவில்லை. பழைய வளைவில் சுவர் வந்தபோது இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நடுவுல, நடுவுல இருக்கறதை மிதி" என்று அலறினான். ஹேசல் நடுவில் இருந்ததை மிதித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அதுவரை ஒரு வண்டியிலும் போனதில்லை.

கராஜுக்குள் விட்டு அவள் சாவியைத் திருப்பினாள். என்ஜின் நிற்கவில்லை. இன்னொரு தடவை திருப்பினாள். அது பாட்டுக்கு ஓடியது. அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"இதுவும் உன்னாலதான்," என்றான் ராய்.

"ஆமா, என்னாலதான்," என்று அவள் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டில் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த இரண்டாவது குழந்தை ஓய்ந்தது. கராஜ் கதவைச் சாத்திவிட்டு, ராய் அவள் வண்டியைக் கோணலாக நிறுத்தியதைச் சொல்லிக்கொண்டே வர, இருவரும் சாப்பிட உள்ளே போனார்கள்.