மூன்றாவது சிலிண்டரில் ஒரு கோடு

கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் அழகுமலையின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த என்ஜின், ஆடி மாதம் மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு முதல் ஆளைக் கடித்தது. கடிபட்டவர் அல்லிநகரம் மெக்கானிக் சின்னக்கருப்பு. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போயின. அந்த நேரத்தில் வண்டி ஓடவில்லை. சாவி அழகுமலையின் சட்டைப் பையில் இருந்தது. பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்கள்.

வண்டி வாங்கி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. தேனிக்கு வெளியே பழைய கார் விற்கும் தவசியிடம் வாங்கியது. ஐம்பது வயதுவரை டிராக்டரையும் ஜீப்பையும் தவிர வேறெதையும் ஓட்டியிராத அழகுமலை, இரண்டே கதவு வைத்த அந்த வண்டியில் தினமும் உத்தமபாளையம் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவார். அவர் மனைவி சோணையம்மாள் ஒரே ஒரு தடவை ஏறினாள். படுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று பாதி வழியில் இறங்கிக்கொண்டாள். ஆயில் கசியத் தொடங்கியதும் அவர் சின்னக்கருப்பின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். ஆயில் சீல் வாங்குவதென்றால் உள்ளே இருப்பது எந்த என்ஜின் என்று தெரிய வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் ஆறு சிலிண்டர் என்று இருந்தது. என்ஜினின் மேல்மூடியிலும் அப்படியே பொறித்திருந்தது. ஆனால் என்ஜின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தை யாரோ அரம் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார்கள்.

"புக்குல உள்ளதுதாண்ணே. கம்பெனியில வந்த ஆறு சிலிண்டர்" என்று சொல்லியபடி சின்னக்கருப்பு கையை உள்ளே விட்டார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பெல்ட் தானாகச் சுழன்று இரண்டு விரல்களை இழுத்துக்கொண்டது. விரல்களைத் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து விஷால் என்ற இன்ஜினியர் லேப்டாப்போடு வந்தான். கருவியை வண்டியில் செருகி, திரையில் தெரிந்த கம்பெனிப் பெயரையும் வருடத்தையும் உரக்கப் படித்தான். என்ஜின் அவன் முன்கையை இரண்டு இடங்களில் முறித்தது. ஆத்திரம் தாங்காத அழகுமலை எட்டு கிலோ சம்மட்டியை எடுத்து வந்து, "ஏலே, யார்கிட்ட உன் வேலையக் காட்டுற?" என்று ஓங்கி அடித்தார். பிடி முறிந்தது. சம்மட்டித் தலை திரும்பி வந்து அவர் தாடையில் விழுந்து இரண்டு பற்களை எடுத்துக்கொண்டு போனது. அதன்பிறகு அவர் அந்த என்ஜினை 'அது' என்று சொல்வதை விட்டுவிட்டு 'அவுக' என்று சொல்லத் தொடங்கினார்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து, திராட்சைப் பெட்டி அடுக்கும் கொட்டகையில் நிறுத்தினார்கள். பார்க்க ஆள் வந்தது. சுருளிப்பட்டியிலிருந்து வந்த ஒருவர், இது கப்பல் என்ஜின் என்று சொல்லி மூக்கெலும்பு உடைந்து போனார். சோணையம்மாள் மட்டும் தினமும் பழந்துணியால் அதைத் துடைத்துவந்தாள். அவளை அது ஒன்றும் செய்யவில்லை.

"தொட்டாக் கடிக்கல. தெரியாமக்கொள்ளாம வாய்க்கு வந்ததச் சொன்னாத்தான் கடிக்குது" என்றாள் புருஷனிடம். "பேசாம வேலை பாக்குற ஆளா இருந்தாக் கூட்டியாங்க."

அப்படித்தான் பெரியகுளத்திலிருந்து முத்துலட்சுமி வந்தாள். நாற்பது வயது. வடகரையில் அப்பா விட்டுப்போன லேத் பட்டறையில், தேய்ந்துபோன என்ஜின்களுக்குச் சிலிண்டர் கடைந்து கொடுப்பவள். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய ஒரே தம்பி விஜய்பாண்டியின் உடல் லோயர் கேம்ப்புக்கு மேலே, குமுளி மலைப்பாதையின் பள்ளத்தில் கிடந்தது. கால் தவறி விழுந்தான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். பழைய வண்டி ஒன்றில் தானே கட்டிய என்ஜினை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான் அவன். வண்டி கிடைக்கவில்லை. என்ஜின் மாற்றியதை அவன் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றாததால், அவள் பட்டறை நோட்டில் குறித்து வைத்திருந்த என்ஜின் எண் செல்லாது என்று ஸ்டேஷனில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து லேத் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவன் "அக்கா" என்று கூப்பிடுவது அவள் காதில் விழும். லேத்தை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை.

கொட்டகைக்கு வந்தவள் எதுவும் சொல்லவில்லை. மேல்மூடியைக் கழற்றினாள். ஆறு சிலிண்டர் என்று பொறித்த மூடி வெறும் ஜோடனை; அடியில் நாலே நாலு பிளக்குகள்தான் இருந்தன. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து ஒருநாள் முழுக்க அழுக்கை எடுத்தாள். ஆயிலை வடித்தபோது சின்னக்கருப்பின் இரண்டு விரல்களும் தட்டில் வந்து விழுந்தன, மோதிரத்தோடு, கெடாமல். அவற்றை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். மூன்றாம் நாள் காலை என்ஜினின் தலைப்பகுதியைக் கழற்றி, டார்ச் அடித்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தாள். மூன்றாவதில் விரலை விட்டவள் அப்படியே நின்றாள்.

"என்ன தாயி?" என்றார் அழகுமலை.

உள்சுவரில், பாதி ஆழத்தில், மயிரிழை தடிமனுக்கு வட்டமாக ஒரு கோடு இருந்தது. அவள் கடைந்துகொண்டிருந்தபோது கரண்டு போய், கட்டர் நின்ற இடத்தில் விழுந்த கோடு. மறுபடி கடைந்து தருகிறேன் என்று அவள் சொன்னதற்கு, இருக்கட்டும்க்கா என்று தூக்கிக்கொண்டு போய்விட்டான் தம்பி.

"இது நான் கடைஞ்சது, அண்ணே" என்றாள். "என் தம்பி கட்டுன என்ஜினு."

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள். என்ஜின் கடிக்கவில்லை. அரம் போட்ட இடத்தில் அவள் பஞ்சில் ஆசிட் தொட்டு ஒரு மணி நேரம் தேய்த்தாள். அழிந்த எண்கள் ஒவ்வொன்றாக இரும்பிலிருந்து மேலே வந்தன. பட்டறை நோட்டில் அவள் எழுதி வைத்திருந்த அதே எண்கள்.

இத்தனை நாளும் அழகுமலையின் போனை எடுக்காத தவசி, பெரியகுளத்து லேத்காரி என்ஜினைத் திறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் மறுநாள் உச்சிவேளையில் கார் இழுக்கும் மீட்பு வண்டியோடும் இரண்டு ஆட்களோடும் தானே வந்தான். வேறு கார் தருகிறேன், இதை எடுத்துக்கொள்கிறேன் என்றான். அழகுமலை அவர்களை உள்ளே விட்டு, கொட்டகைக் கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார். தவசி சங்கிலிக் கொக்கியை மாட்ட என்ஜினுக்கு மேல் குனிந்தான்.

"தவசிண்ணே, இது யாரு என்ஜினு?" என்று கேட்டாள் முத்துலட்சுமி.

"இந்தக் காரோட வந்ததுதான்மா."

தலை கழற்றிய என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றியது. அதற்குள் ஓடும் டைமிங் செயின் அவன் மணிக்கட்டில் விழுந்து இறுகியது. எலும்பு நொறுங்கிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவன் ஆட்கள் இருவரும் பின்பக்கத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள்.

"யாரு என்ஜினு?"

"ஏலத்துல எடுத்தேன்! ஆத்தா சத்தியமா ஏலத்துல எடுத்தது!"

செயின் முழங்கையைத் தாண்டியது. ரத்தம் நாலு சிலிண்டரிலும் இறங்கியது. மூன்றாவது தடவை அவள் கேட்டபோது தவசி அழுதுகொண்டே சொன்னான். "உன் தம்பியோடதுதான். ஆறாவது வளைவுல வச்சு ஓட்டிப் பாக்குறேன்னு சாவி கேட்டேன். விக்க மாட்டேன்னுட்டான். வீல் ஸ்பேனரால பின்மண்டையில அடிச்சுத் தள்ளிவிட்டேன். ஒரு அடிதான்."

முத்துலட்சுமி கையிலிருந்த இரும்புக் கம்பியை ஓங்கினாள். அவன் தோள்பட்டை எலும்பு இரண்டாக உடைந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது அழகுமலை அவள் கையைப் பிடித்தார். "வேணாம் தாயி. இவன் செத்தா ஸ்டேஷன்ல யாரு சொல்லுவா?"

அவள் கம்பியைக் கீழே போடவில்லை. அதைப் பிடித்தபடியே கேட்டாள்.

"சாகுறப்ப என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

எல்லாரும் என்ஜினைப் பார்த்தார்கள். செயின் தவசியின் கையைக் கவ்வியபடி அசையாமல் இருந்தது.

"என்னையக் கூப்புட்டானா?"

"இல்லம்மா. திரும்பிக்கூடப் பாக்கல. அடிச்ச அடியில உசுரு போயிருச்சு."

அப்போதும் என்ஜின் அசையவில்லை. பிறகு மெல்லச் செயினைத் தளர்த்தி அவனை விட்டது. முத்துலட்சுமி ரத்தமும் ஆயிலும் கலந்து கிடந்த தரையில் உட்கார்ந்து, தம்பி செத்த நாளில்கூட அழாத அளவுக்கு அழுதாள். சோணையம்மாள் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

தவசியின் கையை மதுரையில் எடுத்துவிட்டார்கள். வழக்கு நடக்கிறது. சாட்சிப் பொருளாகக் கோர்ட்டுக்குப் போன என்ஜின், அங்கே ஒரு வக்கீலின் கட்டைவிரலை வாங்கியதும், முத்துலட்சுமியின் பொறுப்பில் விடப்பட்டது. அழகுமலை கார் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டார். இப்போது மறுபடி ஜீப்தான் ஓட்டுகிறார்.

என்ஜின் இப்போது வடகரைப் பட்டறையில் இரும்புச் சட்டத்தின் மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்ரோல் இல்லாமல் அரை மணி நேரம் ஓடுகிறது. முத்துலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள். அக்கம்பக்கத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. அடுத்த கடையில் இட்லி மாவு அரைக்கும் கஸ்தூரியம்மாள் மட்டும், இரண்டு சத்தமும் சேர்ந்தால் காது அடைத்துப்போகிறது என்று, அந்த அரை மணி நேரம் கிரைண்டரை நிறுத்தி வைக்கிறாள்.