கதவுக்கு வெளியே ஒரு செபம்

அண்ணன் குண்டுவீச்சில் இறந்த செய்தி மாவிக்கு வேலையிடத்தில் வந்தது. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் தொழிற்சாலை அது. அவளும் றெஜினாவும் ஒரே வரிசையில் நிற்பவர்கள். மாவி போனைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள். பிறகு அதையே திரும்பவும் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். வீடு திரும்பும் வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"சேர்ச்சுக்கு மேலேயே போட்டிருக்கிறார்கள். அண்ணன் பிரசங்கம் செய்துகொண்டிருந்தானாம்."

இருவரும் பேசிக்கொள்வது உடைந்த ஆங்கிலத்தில். மாவி பர்மாவின் சின் மலைகளைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண். றெஜினா மன்னார்க் கத்தோலிக்கச்சி. டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில் இருந்ததால் றெஜினாவின் காரிலேயே வேலைக்குப் போய்வந்தார்கள். ஷெல் விழுந்த மாதா கோயில் ஒன்றுக்குள் றெஜினாவும் சின்ன வயதில் இருந்திருக்கிறாள். ஒரு கடை வாசலில் காரை நிறுத்தி, மாவி அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தாள்.

அழுகைக்கு நடுவில் மாவி இன்னொன்றும் சொன்னாள். இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, படைக்காரரின் கையால் பிச்சை வாங்கமாட்டோம் என்று பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்த புத்த பிக்குகள் சிலர் இருந்தார்கள். அவர்களில் நந்தியா என்பவர் மலைகளுக்குத் தப்பி வந்தபோது, அவளுடைய அண்ணன் பாஸ்டர் லியான் தாங் தன் சேர்ச்சில் ஒளித்துவைத்தார். தன் சட்டையையும் காற்சட்டையையும் கொடுத்து எல்லைக்கு அப்பால் அனுப்பினார். அதற்குப் பிறகுதான் ஊருக்கு மேல் விமானங்கள் வரத் தொடங்கின. அதனால்தான் வந்தனவா, யாருக்கும் தெரியாது. அந்தப் பிக்கு இப்போது அவர்கள் வசிக்கும் அதே நகரத்தில், சென் ஜேம்ஸ் ரவுணில் அகதியாக இருந்தார்.

உடலைப் பார்க்க வழியிருக்கவில்லை. ஊரே காட்டுக்குள் ஓடிவிட்டது. இங்கேயாவது ஒரு செபம் வைக்கவேண்டும் என்றாள் மாவி. கட்டடத்தின் பார்ட்டி ரூம் சாவி, குடியிருப்பாளர் சங்கத் தலைவியான யோகமலரிடம் இருந்தது. யாழ்ப்பாணத்து இந்து, எழுபதைத் தொடும் வயது. றெஜினா கேட்டதுமே கொடுத்துவிட்டாள்.

"செத்த வீட்டுக்கு என்ன கேள்வி? கதிரையள் காணுமோ எண்டு பாரும். தேத்தண்ணி நான் போடுறன்."

ஞாயிறு மாலை சின் குடும்பங்கள் வந்தன. மாவியோடு அகதி முகாமில் இருந்த ரோஹிஞ்சா முஸ்லிம் தம்பதியும் வந்தார்கள். மாவி வாசலில் கூடை வைத்து எல்லோருடைய போன்களையும் வாங்கிப் போட்டாள். ஒரு படம் வெளியே போனாலும் பர்மாவில் இருக்கும் உறவினர்களை இராணுவம் பிடிக்கும் என்று விளக்கினாள். யாரும் மறுக்கவில்லை.

கடைசியாக நந்தியா பிக்கு வந்தார். மொட்டைத் தலை, கருஞ்சிவப்பு அங்கி, காலில் பனிச் சப்பாத்து. தேநீர்த் தட்டோடு வந்த யோகமலர் அவரைக் கண்டதும் நின்றாள். தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய் வாசலை மறித்துக்கொண்டாள்.

"உவர் உள்ள வரேலாது."

"மலரக்கா, உவர் பர்மாக்காரர். உவையின்ர ஆக்களுக்காக ஆமியோட எதிர்த்து நிண்டவர்," என்றாள் றெஜினா.

"எனக்கு விளங்குது. ஆனா எங்கட ஊர்ச் சண்டை முடிய என்ர பிள்ளையை ஆமி பஸ்ஸில ஏத்தேக்கை, அந்த ஆமிக்காரற்ர கையில ஆசீர்வாத நூல் கட்டிக்கொண்டு நிண்டதும் உப்பிடி ஒருத்தர்தான். இந்த உடுப்போட ஒருத்தர் நான் நிக்கிற அறைக்குள்ள வரேலாது."

அவள் குரல் உயரவில்லை. கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிக்குவுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. தலை குனிந்து இரண்டடி பின்னால் போய், கொரிடோரில் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாவி வெளியே வந்தாள். யோகமலரைக் கோபமாகப் பார்க்கவில்லை.

"என் அண்ணன் இவரை உள்ளே விட்டான். இவரை வெளியே வைத்துவிட்டு நான் அவனுக்காகச் செபிக்க முடியாது," என்று சொல்லி அண்ணனின் படத்தோடு பிக்குவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். சின் மொழியில் பாட்டு எழுந்தது. அது முடிய பிக்கு பாளியில் ஓதினார். பிறகு ரோஹிஞ்சாக்காரர் கைகளை ஏந்தித் துஆ கேட்டார். கதிரைகள் அடுக்கிய அறைக்குள் யோகமலர் தனியாக நின்றாள்.

கொரிடோர் எல்லோருக்கும் பொதுவானது. லிஃப்ட்டில் இருந்து இறங்கியவர்கள் நின்று பார்த்தார்கள். யாரோ போனைத் தூக்கினார்கள். றெஜினா கையைக் காட்டித் தடுப்பதற்குள் இன்னொருவரும் தூக்கினார். அழுதுகொண்டிருக்கும் கிறிஸ்தவப் பெண், கண்மூடிய பிக்கு, கையேந்திய முஸ்லிம். அழகான படம். மறுநாளே ஆயிரக்கணக்கானோர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். மதங்கள் ஒன்றாகும் இடம் இது என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். சில நாளில் அது பர்மா இராணுவத்துக்கு வேண்டியவர்களின் பக்கங்களிலும் வந்தது. பிக்குவின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அவருடைய ஊரையும் எழுதியிருந்தார்கள்.

அடுத்த வாரம் ஊரில் பிக்குவின் தங்கை நிலாரைப் படைக்காரர்கள் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். எங்கே என்று தெரியவில்லை. மாவி இதைச் சொன்னபோது றெஜினா காரை ஓரமாக நிறுத்தினாள்.

யோகமலருக்கு றெஜினாதான் சொன்னாள்.

"அண்டைக்கு நான் உள்ள விட்டிருந்தா அந்தப் படம் வந்திராது, என்ன?"

பொய் சொல்லலாமா என்று றெஜினா யோசித்தாள்.

"வந்திராது, அக்கா."

"ம்." யோகமலர் எழுந்து தன் கோட்டை எடுத்து மாட்டினாள். "அவரிட்டைக் கூட்டிக்கொண்டு போம்."

"மன்னிப்புக் கேக்கப் போறியளோ?"

"அதுக்கு எனக்கு இன்னும் மனம் வரேல்லை. வேற விஷயம்."

சென் ஜேம்ஸ் ரவுணில் பிக்குவின் அறை பதினோராம் மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவர் யோகமலரை அடையாளம் கண்டார். வழிவிட்டு விலகி நின்றார். அன்று அங்கி இல்லை. பழைய ஸ்வெற்றர் ஒன்று போட்டிருந்தார். முகம் வீங்கியிருந்தது. யோகமலர் உட்காராமலே கேட்டாள். றெஜினா ஆங்கிலத்தில் சொன்னாள்.

"தங்கச்சியைக் கொண்டுபோனதைப் பாத்தது ஆர்?"

"பெரியம்மா," என்றார் அவர்.

"தங்கச்சி என்ன உடுப்புப் போட்டிருந்தவ எண்டு கேளும்."

அவர் விழித்தார். அதைக் கேட்கத் தோன்றவில்லை என்றார்.

"கேக்கச் சொல்லும். இண்டைக்கே கேக்கச் சொல்லும். என்ன வாகனம், வந்தவங்களில ஒருத்தன்ர பேராவது காதில விழுந்ததோ, எல்லாம் கேக்கவேணும். பிறகு பாத்த சனத்துக்கே மறந்துபோம். என்ர பிள்ளை பஸ்ஸில ஏறேக்கை நீலச் சேட்டு எண்டு நான் சொல்லுறன். அவன்ர பெண்சாதி பச்சை எண்டுறாள். ரெண்டு பேரும் பக்கத்தில நிண்டனாங்கள். அவனைத் தேடி இவ்வளவு வருஷமாப் போற விசாரணையில எல்லாம் ரெண்டு நிறம் சொல்லுறம்."

றெஜினா மொழிபெயர்த்து முடிக்கும்வரை பிக்கு யோகமலரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துப் பெரியம்மாவின் இலக்கத்தை அழுத்தினார். அது அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

யோகமலர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"திரும்ப அடிக்கச் சொல்லும்," என்றாள்.