சுழலும்போது பார்க்கும் இடம்

ரஞ்சித் பாலே ஆடுகிறான் என்பது திருச்சியை அடுத்த மண்ணச்சநல்லூரில் பலருக்கும் தெரியும். பாலே என்றால் என்ன என்பதுதான் யாருக்கும் தெரியாது. அவன் அம்மா இருளாயி அரிசி ஆலைக் களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே, "எம் மவன் மெட்ராஸ்ல டான்ஸு படிக்கிறான், வெளிநாட்டு டான்ஸு" என்று உடன் வேலை செய்யும் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். சினிமாவில் வருவானா என்று யாராவது கேட்டால், "வருவான், வருவான்" என்பாள். அப்பா வெள்ளைச்சாமி அதே ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அவர் எதுவும் சொல்வதில்லை. மகன் மூட்டை தூக்கவில்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்துகொண்டிருந்த பையன் அவன். சென்னையில் கல்லூரி விழா ஒன்றில் அவன் ஆடியதைப் பார்த்துவிட்டு டோரதி மிஸ் மேடைக்குப் பின்னால் வந்து, "இந்தக் காலை வச்சுக்கிட்டு நீ என்ன குத்தாட்டம் ஆடிட்டு இருக்கே?" என்று கேட்டார். பெரம்பூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் பாலே பள்ளி நடத்திக்கொண்டிருந்தவர் அவர். அன்றிலிருந்து நாலு வருஷம் அந்த மாடியே கதி என்று கிடந்தான். விரல்கள் வெடித்தன, நகம் கழன்றது, தொடை இழுத்துக்கொண்டு நாள் கணக்கில் நொண்டினான். அவன் உயரமாகத் தாவிக் கீழே வரும்போது தரையில் சத்தமே கேட்காது. அது பயிற்சியில் வருவதில்லை என்று மிஸ் மற்றவர்களிடம் சொல்லுவார்.

இந்த வருஷம்தான் பள்ளி முதல்முறையாக வெளியூர்களுக்கு ஆடக் கிளம்பியது. புதுச்சேரி, கும்பகோணம், திருச்சி, மதுரை. இளவரசன் வேஷம் ரஞ்சித்துக்கு. ஜோடி பானுப்ரியா. புதுச்சேரியிலும் கும்பகோணத்திலும் நன்றாகவே போனது. பஸ்ஸில் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். திருச்சி நெருங்க நெருங்க ரஞ்சித் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

தங்கியது ஸ்ரீரங்கத்தில் ஒரு லாட்ஜில். ஆட்டம் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு அரங்கில். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது டோரதி மிஸ் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வீட்ல எல்லாரும் வர்றாங்களா?"

"வேன் எடுத்துட்டு வர்றாங்க மிஸ். களத்துல வேலை செய்யறவங்க எல்லாரையும் அம்மா கூட்டிட்டு வருது."

"வீடியோ காட்டிட்டியா அவங்களுக்கு?"

"காட்டிட்டேன் மிஸ்."

காட்டவில்லை. வீட்டுக்கு அவன் அனுப்பிய படங்கள் எல்லாமே மார்புக்கு மேலேதான் இருக்கும். இல்லாவிட்டால் பயிற்சி முடிந்து டிராக் பேன்ட்டோடு நிற்பவையாக இருக்கும். இளவரசனின் மேல்சட்டை நீலத்தில், பொன்சரிகை வைத்தது. அந்தச் சட்டையை மட்டும் எடுத்து அனுப்பியிருந்தான். "ராசா மாதிரி இருக்கப்பா" என்று அம்மா போனில் சொன்னாள். கீழே என்ன போடுவான் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. காலோடு ஒட்டிய வெள்ளை டைட்ஸ். நாலு வருஷத்தில் அவனுக்கு அது தோல் மாதிரி ஆகிவிட்டது. மேடையில் நின்றால் அது இருப்பதே நினைவுக்கு வராது. அம்மாவை நினைக்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

மத்தியானம் ஒத்திகை. அரங்கம் பெரிதில்லை. ஆட்டத்தின்போது ஓரத்து விளக்குகளை அணைக்க முடியாது, கூட்டத்தில் பிரச்சினை வரும் என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். மிஸ்ஸுக்கு அதில் வருத்தம். ரஞ்சித்துக்கு உள்ளுக்குள் சந்தோஷம், மேடையிலிருந்தே முகங்கள் தெரியும்.

சுழலும்போது தலை சுற்றாமல் இருக்க ஒரு வழி உண்டு. எதிரே ஓர் இடத்தில் கண்ணை நிறுத்திக்கொள்ள வேண்டும். உடம்பு திரும்பத் தொடங்கினாலும் தலை அந்த இடத்தை விடாது. இனி முடியாது என்கிறபோது சட்டென்று திரும்பி, மறுபடி அதே இடத்தைப் பிடிக்கும். எத்தனை சுற்று சுற்றினாலும் ஆடுகிறவன் பார்ப்பது அந்த ஓரிடத்தைத்தான். மற்ற ஊர்களில் கதவையோ விளக்கையோ பார்த்துக்கொண்டு சுழன்றான். இங்கே மேடையில் நின்று வரிசைகளைப் பார்த்தான், பிறகு கீழே இறங்கிப் போய் ஒரு நாற்காலியில் தன் துண்டைப் போட்டுவிட்டு வந்தான். அம்மா உட்கார வேண்டிய இடம் அது.

"என்னடா பண்றே?" என்றாள் பானுப்ரியா.

"அம்மா சீட்டு."

அவள் புரிந்துகொண்டு சிரித்தாள். "கண்ணு கலங்கி என்னைக் கீழ போட்டுடாதே."

வேன் சீக்கிரமே வந்துவிட்டது. பெண்கள் எல்லாரும் தீபாவளிச் சேலையில் இருந்தார்கள். இருளாயி தலை நிறைய கனகாம்பரம் வைத்திருந்தாள். வெள்ளைச்சாமி வெள்ளைச் சட்டையும் புது வேட்டியுமாக வாசலிலேயே நின்றார். ரஞ்சித் டிராக் பேன்ட்டோடு வந்து அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்த நாற்காலியில் உட்காரவைத்தான். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். "எம் மவனே எடம் போட்டு வச்சிருக்கான் பாருங்கடி" என்று அவள் சொன்னது திரைக்குப் பின்னால் போன பிறகும் அவன் காதில் இருந்தது.

முதலில் பெண்கள் ஆடினார்கள். கூட்டம் அமைதியாகப் பார்த்தது, கை தட்டியது. பின்வரிசைகளில் கல்லூரிப் பையன்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு விசில் எழுந்து அடங்கியது. பிறகு இசை மாறியது. இளவரசன் ஓடிவந்து, நடு மேடையில் தாவி இறங்கி நின்றான்.

கண நேரம் ஒன்றுமில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய், பேன்ட்டு போட மறந்துட்டான்டா."

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. ரஞ்சித் ஆடிக்கொண்டிருந்தான். சிரிப்பு அடங்கிவிடும் என்றுதான் நினைத்தான். பானுப்ரியாவின் இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கியபோது ஊளையிட்டார்கள். அவளை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றபோது, அவன் பின்பக்கத்தைப் பற்றி ஒருவன் என்னவோ சொன்னான். மொத்த அரங்கும் வெடித்தது. "பாக்காதே, ஆடு" என்று பானுப்ரியா உதடு அசையாமல் சொன்னாள்.

அடுத்தது அவன் தனியாகச் சுழல வேண்டிய பகுதி. அவன் அம்மாவைப் பார்த்தான், சுழலத் தொடங்கினான்.

முதல் சுற்றில் அவள் முகத்தில் முந்தானை இருந்தது. அழுகிறாள் என்று நினைத்தான். அடுத்த சுற்றில் தோள் குலுங்கியது. மறுபடி கண் அங்கே போனபோது முந்தானை நழுவியிருந்தது. பக்கத்துப் பெண் இவள் தொடையில் தட்டித் தட்டிச் சிரிக்க, இருளாயி வாயைத் திறந்து, கண்ணில் நீர் வழிய, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணை வேறெங்கும் கொண்டுபோக வழியில்லை. சுழற்சியின் நடுவே இடத்தை மாற்றினால் விழுந்துவிடுவான். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் பார்த்தான். இசை முடியும்வரை, தான் போட்டுவைத்த இடத்தில் அம்மா சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே சுழன்றான். அன்றைக்கு அவன் சுழன்றது போல அதுவரை சுழன்றதில்லை என்று டோரதி மிஸ் பிறகு சொன்னார். அதைக் கேட்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆட்டம் முடிந்தது. கைதட்டலும் இருந்தது. எதற்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை.

அவன் உடை மாற்றுவதற்குள் இருளாயி மேடைக்குப் பின்னால் வந்துவிட்டாள். அவனைப் பார்த்ததும் கண்ணை உயர்த்தி முகத்தில் மட்டும் வைத்துக்கொண்டாள். கையிலிருந்த அப்பாவின் துண்டை நீட்டினாள்.

"இதைக் கட்டிக்கப்பா."

அவன் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"சாப்டியா?"

"நீ சிரிச்சம்மா."

"நானா? நான் எங்க சிரிச்சேன்?"

"பாத்தேன்."

இருளாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். பெண்பிள்ளைகள் கொண்டை ஊசிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எல்லாருந்தான் சிரிச்சாங்க. நான் மட்டும் உம்முனு உக்காந்திருந்தா, பாவம், இவ மவனப் பாத்து ஊரே சிரிக்குதுன்னு ஆயிடும்ல. கூடச் சேந்து சிரிச்சுட்டா ஏதோ வேடிக்கைன்னு போயிடும்னு நெனச்சேன்." பொய் சொல்லிப் பழகாதவள் அவள். "அப்புறம் நெசமாவே சிரிப்பு வந்துடுச்சுப்பா. அடக்க முடியல."

அவன் துண்டின் முடிச்சை இறுக்கினான்.

"இப்படித்தான் உடுத்துவாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்கு எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன்."

நான் மறைத்துவைத்த வெட்கத்தை இவள் இன்றைக்கு எல்லோர் முன்னாலும் சேர்த்துப் பட்டிருக்கிறாள் என்று மட்டும் அவனுக்குத் தோன்றியது. அது தோன்றியதால் கோபம் குறையவில்லை. யார் மேல் என்று தெரியாமல் அது இன்னும் பெரிதாகத்தான் ஆனது.

வேன் வரை கூடப் போனான். உள்ளே பெண்கள் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவனைக் கண்டதும் நிறுத்தினார்கள். வெள்ளைச்சாமி முன்சீட்டில் இருந்தார். "அந்தப் பொண்ணத் தூக்குனப்போ கை நடுங்கல உனக்கு" என்றார். பிறகு டிரைவரைப் பார்த்து, "எடுப்பா" என்றார்.

மறுநாள் காலையில் மற்றவர்கள் கோயிலுக்குப் போனபோது ரஞ்சித், காவிரிக் கரையில் அம்மா மண்டபம் என்கிற படித்துறையில் உட்கார்ந்திருந்தான். பானுப்ரியா தேடிக்கொண்டு வந்தாள்.

"புதுச்சேரியிலயும் ரெண்டு பேர் சிரிச்சாங்கடா. நீ கவனிக்கவே இல்ல."

"அவங்க யாரோ."

"அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கமில்ல. அடுத்த தடவை பாரு."

"அடுத்த தடவைன்னு சொல்லாதே" என்றான். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.

மதுரையில் கூட்டம் சிரிக்கவில்லை. பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் அரங்கம், முன்வரிசையில் பெரிய மனிதர்கள், எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். விளக்குகளையும் அணைத்திருந்தார்கள். ரஞ்சித் சுழலும் இடம் வந்தது. எதிரே வெறும் இருட்டு. அதில் கண்ணை நிறுத்தினான். உடம்பு திரும்பியது, தலை திரும்ப மறுத்தது. திரும்பினால் என்ன தெரியும் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்தது போல இருந்தது. இரண்டாம் சுற்றில் கால் பிசகி ஒரு கையை ஊன்றி நின்றான். சமாளித்து முடித்தான். தாவி இறங்கும்போது பலகை தடதடவென்று அதிர்ந்ததை அவனே கேட்டான்.

டோரதி மிஸ் திட்டவில்லை. "உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுதான். வந்துடும்" என்றார். சென்னைக்குத் திரும்பிய பிறகு தினமும் தனியாக நிறுத்திப் பயிற்சி கொடுத்தார். வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று டைட்ஸைப் போட்டுக்கொள்வதற்கே ஒவ்வொரு நாளும் நேரம் கூடிக்கொண்டு போனது. போட்டுக்கொண்டால் தன் கால்களை யாரோ பார்ப்பது போலப் பார்த்தான். கல்லூரிப் பையன்கள் சொன்னது எதுவும் நினைவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது மட்டும்தான் நினைவில் இருந்தது. அவளுக்கு என் மேல் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, அவளுக்கே சிரிப்பு வந்ததால் அவள் கண்டதுதான் உண்மை என்று ஒரு நாள் முடிவுக்கு வந்தான். அதற்குப் பிறகு பெரம்பூர்ப் பக்கம் போகவில்லை. அம்பத்தூரில் ஒரு ஜிம்மில் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். வீட்டில் சொல்லவில்லை. அம்மா போனில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்பதையே விட்டிருந்தாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் டோரதி மிஸ் போனில் கூப்பிட்டார். "உங்க அம்மா இங்க வந்து உட்காந்திருக்காங்க. நீ வா."

போனபோது வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இருளாயி சுவரோர பெஞ்சில் மடியில் பையோடு இருந்தாள். தனியாகச் சென்னைக்கு அவள் வந்தது அதுதான் முதல்முறை. யார் யாரிடமோ வழி கேட்டு வந்திருக்கிறாள்.

"காலையிலேருந்து பாத்துட்டு இருக்கேன்" என்றாள் அவனைப் பார்த்ததும். "இந்தப் பசங்களும் அதையேதான் போட்டிருக்காங்க. நான் சிரிக்கலப்பா. மிஸ்ஸக் கேளு. ஒரு தடவைகூடச் சிரிக்கல." பிறகு, "நீ போட்டுட்டு வா. நான் பாக்கறேன்" என்றாள்.

"நான் நிறுத்திட்டேம்மா."

அவள் மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஒரே ஒரு தடவை என்று அவள் கெஞ்சியதும் ரஞ்சித் ஜிம் பேன்ட்டோடே போய் நடுவில் நின்றான். கையை உயர்த்தினான். அப்படியே சிறிது நேரம் நின்றுவிட்டு இறக்கினான்.

"வரலம்மா."

சாயங்காலம் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் அவளைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். ஜன்னலோர சீட். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான்.

"அன்னைக்கு நான் வந்திருக்கவே கூடாது" என்றாள் இருளாயி.

அப்படியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதற்காகத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அந்த வார்த்தை தெரியும். வாய்வரை கொண்டுவரவும் பார்த்தான். கண்டக்டர் விசில் ஊத, பஸ் நகர்ந்தது.