பிரிக்கப்படாத ஊற்றன்

ஊற்றன் பொம்மைகள் விற்பனைக்கு வந்த வெள்ளிக்கிழமை காலையில், ஆட்டோ ஓட்டுநர் மணிவண்ணன் தன் வீட்டு வாசலில் வெறுங்காற்றில் மோதி நெற்றி வீங்கினான். அன்று காஞ்சிபுரத்தில் பூ விலை சற்று இறங்கியிருந்தது. "இன்னா ஏஞ்சலு, வாசல்ல கண்ணாடி கிண்ணாடி மாட்டி வச்சிக்கிறியா?" என்று உள்ளே திரும்பிக் கேட்டான். அவன் மனைவி ஏஞ்சல் எழுந்து வந்து, அதே இடத்தின் வழியாகத் தெருவில் இறங்கி, மறுபடி உள்ளே ஏறினாள். அவளுக்கு அங்கே எதுவும் தட்டுப்படவில்லை. அவனுக்கு மட்டும், விரலால் தட்டினால் மெல்லிய பிளாஸ்டிக்கின் ஓசை எழும் சுவர் ஒன்று வீட்டைச் சுற்றி நின்றது.

ஏஞ்சல் பெரிய காஞ்சிபுரத்தின் கொலு பொம்மைப் பட்டறை ஒன்றில் கணினியில் உருவங்களை வடிவமைப்பவள். பாலாற்று மணலுக்கடியில் மீனைப் போல நீந்திச் சென்று, வேண்டிய இடத்தில் நீரைப் பீறிடச் செய்யும் மாவீரனாக ஊற்றனைக் கற்பனை செய்தாள். முகத்துக்குக் கணவனின் முகத்தையே அளவெடுத்தாள். பட்டு அங்கியும் பாதத்தில் வரிசை எண்ணுமாக முந்நூறு பொம்மைகள் மட்டுமே, அதன்பின் அச்சை உடைத்துவிடுவது என்பது சேகரிப்பாளர்களுக்கு அளிக்கப்பட்ட உறுதி. பொம்மைகளுக்குக் கண் எழுதும் இந்திராணி ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். "கண்ணு தொறந்ததும் மொதல்ல கண்ணாடி காட்டணும்மா. இல்லன்னா அது எதைப் பாக்குதோ அதைப் புடிச்சிக்கும்." பட்டறையின் கண்ணாடி அன்று ரசம் போய்க் கிடந்தது. "அதே மூஞ்சிதானேக்கா, நானே ஒக்காந்துக்கிறேன்" என்றான் சாப்பாடு கொண்டுவந்திருந்த மணிவண்ணன். அவ்வாறு முந்நூறு பொம்மைகளும் உலகில் முதன்முதலாக அவனைப் பார்த்தன; பார்த்த கையோடு, முன்புறம் கண்ணாடித்தாள் ஒட்டிய பெட்டிகளில் அடைக்கப்பட்டன.

ஏஞ்சல் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. எத்தனையோ பெண்களைப் பிரசவத்துக்கு ஏற்றிச் சென்ற மணிவண்ணனுக்கு, தன் மனைவியின் பிரசவத்தில் அருகில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இருக்கவில்லை. வேலூரில் ஒரு குழந்தை அடம்பிடித்துப் பெட்டியைப் பிரித்த நாளில், சுவர் ஓர் ஆட்டோவின் நீளத்துக்கு விலகியது. வாங்கியவர் அதைச் சொல்லிப் புலம்பியபோதுதான் காரணம் விளங்கிற்று: பொம்மை பெட்டிக்குள் இருக்கும்வரை அவனும் அடைபட்டிருப்பான்; பிரியும் ஒவ்வொரு பெட்டிக்கும் சுவர் விலகும். பொம்மை வாங்கியவர்கள் அனைவரையும் ஏஞ்சல் தொலைபேசியில் அழைத்து, பெட்டியைப் பிரிக்கும்படி மன்றாடினாள். "பிரிச்சா அது பொம்மை மேடம். பிரிக்காம இருந்தாத்தான் கலெக்‌ஷன்" என்றார் பெங்களூர்க்காரர் ஒருவர். உள்ளே ஆள் சிக்கியிருக்கும் பொம்மை என்ற செய்தி பரவியதும் பலர் இரண்டாம் உறை வாங்கி மாட்டினர். குளிரூட்டிய அலமாரிகளில் வைத்தனர். சித்திரை வெயிலில் மணிவண்ணன் கம்பளி போர்த்தி நடுங்கினான்.

ஒருநாள் அவன் அவளிடம் கேட்டான்: "ஊரெல்லாம் போன் போட்டுக்கினு இருக்கியே, பீரோ மேல ஒண்ணாம் நம்பரு இருக்குதே, அதை இன்னா பண்ணப்போற?" ஏஞ்சல் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாழ்நாளில் அவள் பெயர் அச்சான முதல் பெட்டி அது. மூன்று நாள் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். நான்காம் நாள் கத்தரிக்கோலால் வெட்டும்போது அவளே கிழிபடுவதைப் போல அழுதாள். சுவர் இன்னோர் ஆட்டோ நீளம் நகர்ந்தது. அதற்கு மேல் இல்லை.

வீடு மாற்றியவர்களின் கவனக்குறைவாலும் எலிகளின் தயவாலும் இன்னும் சில பெட்டிகள் கிழிந்து, ஒன்பதாம் மாதத்தில் சுவர் தெருமுனைப் பூக்கடையை எட்டியிருந்தது. வலி கண்டதும் மணிவண்ணன் ஏஞ்சலைத் தன் ஆட்டோவில் ஏற்றிப் பூக்கடை வரை ஓட்டினான். மறுபக்கத்தில் அவன் நண்பன் ராமராஜனின் ஆட்டோ காத்திருந்தது. "எறக்குபா ஹீரோ, இதுக்கு மேல என் ஏரியா" என்ற ராமராஜனின் குரல் கேலியில் தொடங்கி உடைந்தது. ஏஞ்சல் வண்டி மாறினாள். "நீ இங்கியே நில்லு. நான் கூட்டினு வரேன்" என்றாள். குழந்தையோடு அவள் திரும்பும் வரை, இரு உள்ளங்கைகளையும் காற்றில் ஊன்றியபடி அவன் அங்கேயே நின்றான். பூக்காரப் பெண்மணி அவனுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தாள்.

அதிலிருந்து அது வழக்கமாயிற்று. அவன் வண்டியில் ஏறுகிறவர்கள் சுவர் வந்ததும் கேள்வியின்றி இறங்கி, ராமராஜனின் வண்டிக்கு மாறுகிறார்கள். சுவர் இப்போது தேரடியில் நிற்கிறது. சில ஆண்டுகளாக அசையவில்லை. மகள் அபி பால்வாடி செல்லத் தொடங்கியிருக்கிறாள். முதல் நாள், பக்கத்தில் அமர்ந்திருந்த திரிஷா என்ற சிறுமியிடம், "எங்கப்பாவுக்குத் தேரடி வரைக்கும். உங்கப்பாவுக்கு எங்க முடியுது?" என்று கேட்டாள். தினமும் அப்பாவை ஏற்றிச் செல்லும் ஷிப்டு பஸ்ஸைத் திரிஷா நினைத்துப் பார்த்தாள்.

"ஸ்ரீபெரும்புதூர்ல. கம்பெனி கேட்டாண்ட."